ஒப்பந்தக் கூலிமுறையில் பெண்கள்: ஆவணமும் புனைவும்

ஒப்பந்தக் கூலிமுறை என்பது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முதலாளியிடம் வேலை செய்வதாகக் கைநாட்டு வைத்துவிட்டுக் கடல் கடந்து சென்ற தொழிலாளர் முறையாகும். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834 ஆகஸ்ட் 1 அன்று சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதனால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அந்த இடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். மொரீஷியஸ், நேட்டால், பிஜி, மேற்கிந்தியத் தீவுகள் எனப் பல இடங்களுக்கு இவ்வாறு மக்கள் சென்றனர். 1917-இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. பிஜியில் மீதமிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்து செய்யப்பட்டன. ‘அக்ரிமெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தொழிலாளர்கள் ‘கிர்மிட்’ என்று உச்சரித்தனர். பிஜியில் அந்தக் காலத்துக்கே இன்றுவரை அதுதான் பெயர்.

இக்கட்டுரை அந்த முறையில் சிக்கிய தமிழ்ப் பெண்களைப் பற்றியும், அவர்களைப் பற்றி எழுதப்பட்ட கதைகளைப் பற்றியும் பேசுகிறது. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. தென்னார்க்காடு, வடஆர்க்காடு, சேலம், செங்கல்பட்டு ஆகியவை சென்னைத் துறைமுகம் வழியாக ஆட்கள் சென்ற முக்கிய மாவட்டங்கள். ஆகவே இது நம் ஊர்க்கதையும்தான். ஆனால் இதைப் படிக்கப் புகும் மாணவருக்கு ஒரு விசித்திரம் முதலிலேயே கண்ணில் படும். கரும்புத் தோட்டத்துக்குப் போன பெண்ணைப் பற்றி ஆவணம் நிறைய இருக்கிறது, தமிழில் கதை மிகக் குறைவு. தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்ணைப் பற்றிக் கதை இருக்கிறது, அவள் பெயர் தாங்கிய ஆவணம் குறைவு. இது ஏன் என்று புரிந்துகொண்டால், இந்தக் கதைகளை எப்படிப் படிப்பது என்பதும் தெளிவாகும்.

ஒப்பந்தமும் கங்காணியும்

பள்ளி நூல்களிலும் இணையத்திலும் ‘கூலிகளாகப் போனார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு தனித்தனி முறைகள் இருந்தன.

முதலாவது, ஒப்பந்த முறை. இதில் ஒவ்வொரு ஆளும் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டார். நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஐந்து ஆண்டு ஒப்பந்தம். சென்னையில் டிப்போ எனப்பட்ட முகாமில் வைத்து, மருத்துவர் பரிசோதித்து, அதிகாரி சம்மதம் கேட்டு, பிறகு கப்பலேற்றுவர். ஒப்பந்தத்தை மீறினால் அபராதம் அல்லது சிறை.

இரண்டாவது, கங்காணி முறை. இலங்கைக்கும், பின்னர் பெருமளவில் மலாயாவுக்கும் ஆட்கள் போனது இப்படித்தான். தோட்டத்திலிருந்து கங்காணி தன் சொந்த ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், உறவும் சாதியும் சேர்ந்த கூட்டமாக அழைத்துப் போவார். இங்கே ஐந்தாண்டுக் கைநாட்டு கிடையாது. கடன்தான் கட்டு. கங்காணி ஆளை வேறு தோட்டத்துக்கு மாற்றும்போது, கடனும் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டுக் கூடவே போகும். இலங்கையில் இந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குச் சென்றவர்களுக்குத் தகர வில்லை ஒன்று தரப்பட்டது. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளைக் குறிக்கும் எண்ணும் இருக்கும், பெயர் இருக்காது.

ஆனைமலை, வால்பாறை, நீலகிரி போன்ற உள்நாட்டுத் தோட்டங்களிலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் முறையே நடந்தது. அங்கே கங்காணியை மேஸ்திரி என்றும் அழைத்தனர். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரைத் தண்டிக்க 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் இருந்தது. அது 1925-இல்தான் நீக்கப்பட்டது.

பெண்ணைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பெரியது. ஒப்பந்த முறையில் தனியாக வந்த பெண்ணும் தன் பெயரிலேயே கைநாட்டு வைத்தாள். கங்காணி முறையில் அவள் யாரோ ஒருவரின் மனைவி, மகள், தாய். பல தோட்டங்களில் அவள் கூலியைக் கணவனோ தகப்பனோதான் வாங்கினார்கள்.

தென்னார்க்காட்டிலிருந்து கப்பல் வரை

ஏன் போனார்கள்? ‘ஏமாற்றி அழைத்துப் போனார்கள்’ என்பது வழக்கமான பதில். ஏமாற்று இருந்தது உண்மை. ஆனால் ஊரில் என்ன நிலை இருந்தது என்று பார்க்காமல் அந்தப் பதில் நிறைவு பெறாது.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமைமுறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் பண்ணையாள், படியாள் என்ற பெயரில் கடனுக்குக் கட்டுப்பட்ட உழைப்பு தொடர்ந்தது. ஆண் கடன் வாங்கினால் வீடே கட்டுப்படும். மனைவி களத்து மேட்டிலும் மாட்டுக் கொட்டிலிலும் உழைக்க வேண்டும், அதற்குத் தனிக் கணக்கு இல்லை. இத்துடன் தாது வருஷப் பஞ்சம் சேர்ந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். நேட்டால் 1866-இல் நிறுத்தியிருந்த ஆள்சேர்ப்பை 1874-இல்தான் மீண்டும் தொடங்கியிருந்தது. இரண்டும் சந்தித்த காலத்தில் டிப்போக்களுக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே குறைந்திருக்கும்.

தென்னார்க்காட்டு மக்களுக்குச் சென்னை மட்டுமே வாசல் என்று நினைக்கக் கூடாது. கள்ளக்குறிச்சிக்குப் பாண்டிச்சேரிதான் பக்கம். அங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளான ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகியவற்றுக்குக் கப்பல்கள் சென்றன. குவாதலூப் தீவுக்கு முதல் கப்பலான ‘ஓரேலி’ 1854 டிசம்பர் 24 அன்று போய்ச் சேர்ந்தது. 1889 வரை அத்தீவுக்கு மட்டும் சுமார் 42,000 பேர் சென்றனர்.

நேட்டாலுக்கான முதல் கப்பல் ‘ட்ரூரோ’. சென்னையிலிருந்து ஒரு மாதத்துக்கும் மேல் பயணம் செய்து 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். 1911-இல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை ஒப்பந்தத்தில் சென்ற 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை சென்றவர்கள் 60,965. சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் சென்றது 1903 முதலே. அவ்வழியாகச் சென்றவர்கள் ஏறக்குறைய 15,000.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள்

தோட்ட முதலாளிகள் முதலில் ஆண்களையே விரும்பினர். பெண் என்றால் பிரசவம், குழந்தை, வேலை நாள் இழப்பு என்று கணக்குப் போட்டனர். ஆண்கள் மட்டும் போனால் சிக்கல் வரும் என்று கண்ட அரசு, நூறு ஆண்களுக்குக் குறைந்தது நாற்பது பெண்கள் என்ற விகிதத்தைக் கட்டாயமாக்கியது.

அந்த எண் டிப்போவில் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பெண்கள் எண்ணிக்கை நிறைவாகாமல் கப்பல் புறப்பட முடியாது. ஆகவே ஆள்பிடிக்கும் தரகர்களுக்குப் பெண்தான் கிடைப்பதற்கு அரிய சரக்கு. கணவனை இழந்தவள், கைவிடப்பட்டவள், மாமியார் வீட்டிலிருந்து வெளியேறியவள், பஞ்சத்தில் உறவிழந்தவள் என்று சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் சாலையோரச் சத்திரத்திலும் தேடினார்கள். வெள்ளை அதிகாரிகள் பலர் பிற்பாடு, ‘வந்த பெண்கள் ஒழுக்கமற்றவர்கள்’ என்று ஒரே வீச்சில் எழுதிவைத்தனர். பிஜியின் வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் ‘குந்தியின் அழுகுரல்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1985-இல் எழுதிய ஆய்வுரை இந்தப் பழியை மறுக்கிறது. தோட்டங்களில் நடந்த கொலைகளுக்கும் தற்கொலைகளுக்கும் பெண்களின் குணத்தைக் காரணமாகக் காட்டிவிட்டால், வேலைச் சுமையையும் லயத்து வாழ்க்கையையும் விசாரிக்க வேண்டியதில்லை அல்லவா? அதிகாரிகளுக்கு அது வசதியாக இருந்தது.

தனியாக ஒரு பெண் கப்பலேறியதை எப்படிப் புரிந்துகொள்வது? அடிமைத்தனத்துக்குள் போனாள் என்பது ஒரு பாதி. வேறு எந்த வழியும் இல்லாத ஒரு வீட்டிலிருந்து வெளியேறினாள் என்பது இன்னொரு பாதி. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் சொல்லும் கதைகள் அவளை வெறும் பலியாளாகவோ வெறும் வீராங்கனையாகவோ ஆக்கிவிடுகின்றன.

அரைக் கூலி

நேட்டாலில் ஆணுக்கு முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. உணவுப்படியும் அவ்வாறே குறைவு. பிஜியில் ஒரு நாள் பங்கு வேலைக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். கொடுத்த பங்கை முடிக்காவிட்டால் கூலி வெட்டப்படும். காய்ச்சலுக்கும் கர்ப்பத்துக்கும் கணக்குப் புத்தகத்தில் தனிப் பத்தி இல்லை. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதே விதி.

புகார் சொல்லலாமா? சொல்லலாம். குடியேறிகளைக் காக்கும் அதிகாரி ஒருவர் டர்பனில் இருந்தார். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியே நடக்கச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைத் தர வேண்டியவர், யார்மேல் புகார் சொல்லப் போகிறாளோ அந்த முதலாளியேதான். சீட்டில்லாமல் நடந்தால் கைது.

குந்தி என்ற பெண்ணின் நிகழ்ச்சி 1913-இல் இந்தியப் பத்திரிகைகளில் வெளிவந்து பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. பிஜியின் வாழைத் தோட்டம் ஒன்றில் தனியே வேலைக்கு அனுப்பப்பட்ட அவர், தம்மைப் பலவந்தப்படுத்த முயன்ற மேற்பார்வையாளரிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தார். ஒரு சிறுவன் படகில் வந்து காப்பாற்றினான். குந்தி கோரக்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். அவர் தமிழர் அல்லர் என்றாலும், அந்தக் காலச் செய்திகள் தமிழ்நாட்டையும் எட்டின. பாரதியார் பிஜித் தீவின் இந்தியப் பெண்களைப் பற்றி எழுதிய ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாடல் எல்லோரும் அறிந்தது. தமிழ் இலக்கியத்தில் ஒப்பந்தக் கூலிப்பெண் நிலைத்து நிற்பது பெரும்பாலும் அந்த ஒரே பாட்டில்தான். அந்தப் பாட்டு அவளுக்காக அழுகிறது. அவளுக்கென்று ஒரு பெயரும் ஊரும் கொடுத்து, அவள் வாழ்க்கையைத் தொடர்ந்து சொல்லும் நாவல் தமிழில் பிறகு வந்திருக்க வேண்டும். போதிய அளவில் வரவில்லை.

1913: நேட்டாலில் பெண்கள்

நேட்டால் பெண்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் அங்கே தங்குபவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பின்னர் அது வளர்ந்த பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பையனுக்குப் பதினாறு வயது, பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. மாதம் ஐந்து, ஆறு ஷில்லிங் கண்ட பெண்ணுக்கு அறுபது ஷில்லிங் வரி என்றால் என்ன பொருள் என்பதை மாணவர்களே கணக்கிடலாம்.

1913 மார்ச்சில் வந்த நீதிபதி சர்லின் தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கியது. அதன்பின் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் நேரடியாக இறங்கினர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட, பெரும்பாலும் தமிழர்களான பெண்கள் சிலர் கைக்குழந்தைகளோடு நேட்டால் எல்லையைக் கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றனர். ஒப்பந்தத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியை எடுத்துச் சொன்னார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் வெடித்தது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். 1914-இல் அந்த வரி நீக்கப்பட்டது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தில்லையாடி வள்ளியம்மையை ஒப்பந்தக் கூலி என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை முனுசாமி முதலியார் அங்கே சிறு வணிகம் செய்தவர். சிறையில் நோயுற்று, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். ஒப்பந்தத் தொழிலாளருக்காகவும் போராடியவர் அவர்.

தேயிலை பெண்ணை அழைத்தது

இலங்கையில் முதலில் காப்பி. காப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. பெரும்பாலும் ஆண்கள் போய், பருவம் முடிந்ததும் திரும்பி வந்தனர். 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. அடுத்து வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். விரல் வேகம் வேண்டும். குறைந்த கூலி வேண்டும். மூன்றுக்கும் பெண்தான் விடை என்று துரைமார் கண்டனர். அதனால் குடும்பமாக வந்து, லயத்தில் தங்கி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் கொழுந்துக் கூடை தூக்கும் வாழ்க்கை உருவானது. விடியுமுன் ‘பெரட்டு’க் களத்தில் வரிசை. கொழுந்தின் எடை குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது பாதி நாள் சம்பளம். மாலையில் லயத்து அடுப்பு. இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி வந்தது 1984-இல்தான்.

இலங்கை பக்கத்தில் இருந்ததால் போக்கும் வரவும் ஓயவில்லை. கல்யாணம், சாவு, திருவிழா என்று ஊருக்கு வந்தார்கள். அவர்களோடு கதையும் வந்தது. டர்பனிலிருந்தோ சுவாவிலிருந்தோ அப்படி வந்து போக முடியாது. தமிழ்ப் புனைவு கங்காணிக்குப் பின்னால் போனதும், கப்பலுக்குப் பின்னால் போகாததும் இதனால்தான் என்று கருதலாம்.

துன்பக்கேணி

இவ்வகைக் கதைகளில் முதலில் படிக்க வேண்டியது புதுமைப்பித்தன் 1935-இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘துன்பக்கேணி’. நம் வட்டார வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: புதுமைப்பித்தன் பிறந்தது கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில். தந்தையின் அரசுப் பணி காரணமாக அவர் சிறுவயதில் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களில் படித்தார். 1918-இல்தான் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. கதைக்களம் நெல்லைச் சீமையின் வாசவன்பட்டி என்றாலும், எழுதியவர் நம் ஊர்த் தெருவில் நடந்தவர்.

சேரிப் பெண்ணான மருதியின் கணவன் வெள்ளையன் சிறைக்குப் போகிறான். பிழைக்க வழியில்லாமல் மருதி இலங்கைக்குப் போகிறாள். ‘வாட்டர் பாலம்’ என்ற தேயிலைத் தோட்டத்தில் அவள் உழைப்பு மட்டுமல்ல, உடலும் மேலிருப்பவர்களின் உடைமையாகிறது. நோயோடு வாழ்கிறாள். இந்தக் கதை எழுதப்பட்ட காலத்தில் இது வரலாற்றுப் புனைவு இல்லை, அன்றைய நடப்பு. நமக்குத்தான் அது வரலாறாகிவிட்டது. மருதியின் துன்பம் தோட்டத்தில் தொடங்கவில்லை, ஊர்ப் பண்ணையிலேயே தொடங்குகிறது என்பதை ஆசிரியர் கதையின் அமைப்பிலேயே காட்டிவிடுகிறார். பண்ணையாள் முறையைப் பற்றி மேலே படித்துவிட்டு இக்கதையைப் படித்தால் இது எளிதில் பிடிபடும்.

எரியும் பனிக்காடும் பிறவும்

வரலாற்றுப் புனைவு என்ற சொல்லுக்கு நேராகப் பொருந்துவது பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்ற பெயரில் 1969-இல் வெளியிட்ட நாவல். இரா. முருகவேள் இதை ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்தார். டேனியல் வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், பின்பு தொழிற்சங்கம் கட்டியவர். தொழிலாளர்கள் சொன்ன பழைய அனுபவங்களைக் கொண்டு 1920-களின் ஆனைமலைத் தோட்ட வாழ்க்கையைக் கட்டினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் வாங்கிச் செல்லும் கருப்பன், வள்ளி தம்பதி இதன் மையம். வள்ளியின் உழைப்பும் அவள்மேல் விழும் கண்களும் நாவலில் விரிவாக வருகின்றன. மருத்துவர் எழுதியது என்பதால் காய்ச்சல், அட்டைக்கடி, வயிற்றுப்போக்கு எல்லாம் வெறும் பின்னணியாக நிற்காமல் கதையை நடத்துகின்றன. பாலாவின் ‘பரதேசி’ (2013) இந்நாவலைத் தழுவியது. படம் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று எண்ண வேண்டாம். படம் பலவற்றை மாற்றியிருக்கிறது.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) இலங்கைத் தோட்டப் பெண்ணின் வாழ்க்கையை ஒரு பெண் எழுதிய நாவல். அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ மலேசிய ரப்பர்த் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. நாவலுக்கு வெளியே, கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் தொழிற்சங்கத்துக்காகத் தோட்டம் தோட்டமாகச் சென்று தாமே எழுதிய பாட்டுகளைப் பாடியதையும் மறந்துவிடக் கூடாது. மலையக எழுத்தின் தொடக்க காலம் பற்றி மு. நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’ நல்ல வழிகாட்டி.

நேட்டாலுக்குப் போன பெண்ணின் கதை கடைசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்தே, ஆங்கிலத்தில் வந்தது. ஜோன் ஜோசஃபின் ‘சில்ட்ரன் ஆஃப் ஷுகர்கேன்’ (2021), அதாவது ‘கரும்பின் பிள்ளைகள்’. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தான் விரும்பாத திருமண ஏற்பாட்டிலிருந்து விடுபட நினைக்கும் சாந்தி என்ற பெண் நேட்டாலுக்குக் கப்பலேறுகிறாள். ஒரு பெண் தன்னந்தனியாக இப்படிப் போக முடியுமா என்று வாசகர் ஐயப்படலாம். முன்பு சொன்ன வேறுபாட்டை நினைவில் வைத்தால் ஐயம் தீரும். கங்காணி முறையில் இது அரிது, ஒப்பந்த முறையில் இயலும். நாற்பது பெண்கள் என்ற விதியே அதற்குக் கதவைத் திறந்தது. அமிதவ் கோஷின் ‘ஸீ ஆஃப் பாப்பீஸ்’ (2008) நாவலில் மொரீஷியஸ் கப்பலேறும் தீத்தியையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

இத்தகைய நாவல்களைப் படிக்கும்போது மாணவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். கதையில் வரும் காகிதத்தைக் கவனியுங்கள். கைநாட்டா, தகர வில்லையா, துண்டுச் சீட்டா? பிஜிக்குப் போகிறவளின் கழுத்தில் தகர வில்லை தொங்கினால் ஆசிரியர் இலங்கையையும் பிஜியையும் குழப்பிவிட்டார் என்று தெரியும். நேட்டால் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி கொடுத்திருந்தாலும் அப்படியே. உணர்ச்சிக்கு ஆசிரியரை நம்பலாம். கூலிக்கும் ஆண்டுக்கும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கல்வராயன் மலையில் கைநாட்டு இல்லாத கட்டு

கடல் கடந்து போனவர்களைப் பற்றிப் பேசும்போது மேற்கே தெரியும் மலையை விட்டுவிட மனம் வரவில்லை. கல்வராயன் மலை ஜாகீர்களாக இருந்தது. ஜடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய ஜாகீர்தார் குடும்பங்களின் ஆளுகையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். நிலத்தில் இருக்க வேண்டுமானால் ஜாகீர்தார் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். இந்தியா விடுதலை பெற்ற பிறகும் இது தொடர்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த அதே 1976-இல்தான் ஜாகீர் ஆட்சி முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனித் தாலுகாவாக இருக்கிறது.

நேட்டாலுக்குப் போனவளுக்கு ஐந்து ஆண்டு என்ற எல்லையாவது காகிதத்தில் இருந்தது. மலையில் அந்தக் காகிதமும் இல்லை. ஆகவே அங்கே ஒரு பெண் எத்தனை நாள் கூலியின்றி உழைத்தாள் என்று தேட எந்தப் பதிவேட்டையும் புரட்ட முடியாது. 1976-க்கு முன் ஜாகீர் நிலத்தில் வேலை செய்த பாட்டிமார் இன்றும் சிலர் இருப்பார்கள். கல்லூரி மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு போக வேண்டிய இடம் அது. நாவல் எழுத நினைப்பவர்களும்தான்.

ஊர்ப்பெயரைத் தேடுவது எப்படி

நேட்டாலுக்குச் சென்றவர்களின் கப்பல் பட்டியல்கள் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தின் முயற்சியால் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடல் அடையாளம் என்று பத்திகள் இருக்கும். பிஜியின் குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம், தொழிலாளர்களின் புகைப்படங்களையும் சேர்த்தே காக்கிறது. நெற்றியில் வடு, இடது காலில் தழும்பு என்று அவள் உடலை எழுதிவைத்த எழுத்தர், அவள் ஏன் வந்தாள் என்று கேட்டு எழுதவில்லை.

தேடும்போது எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். கள்ளக்குறிச்சி பல விதமாகச் சிதைந்திருக்கும். உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவிலூர், சங்கராபுரம், சின்னசேலம் ஆகியவற்றையும் சேர்த்துத் தேடுங்கள். தாலுகா எல்லைகள் அன்று வேறாக இருந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான் என்பதால் ‘தென்னார்க்காடு’ என்று தேடினால்தான் கிடைக்கும். பெண்கள் பெயரும் அப்படியே உருமாறியிருக்கும். மொரீஷியஸில் ஒரு விளையாட்டரங்குக்கு ‘அஞ்சலே’ என்று பெயர். 1943 செப்டம்பர் 27 அன்று பெல் வியூ ஹாரல் கரும்புத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் திரண்டவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் கர்ப்பிணியாக இறந்த அஞ்சலே கூப்பனின் நினைவாக வைத்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஓர் அஞ்சலை இருப்பார். கூப்பன் என்பது குப்பன்.